குரல் மட்டும் மிஞ்சியவை

2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போக்கிமான் ஓடத் தொடங்கியபோது எங்கள் தெருவில் கேம் பாய் வைத்திருந்த பிள்ளை ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த விளையாட்டு எங்களிடம் வந்து சேர்ந்தது. 'போக்கிமான் ரெட்' ஆங்கிலப் பதிப்பின் மொத்த அளவு 1 எம்பி. ஒரு பிளாப்பியில் 1.44 எம்பி பிடிக்கும். பிரவுசிங் சென்டரில் பிளாப்பியில் ஏற்றி எடுத்து வந்து, பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு ஆடினோம். ஆட்டத்தில் அண்ணன் வைத்துக்கொண்ட பெயர் ராஜா, நான் வைத்துக்கொண்டது ரவி.

ஆட்டத்தைவிட அதைச் சுற்றிய பேச்சுத்தான் அதிகம். வெர்மிலியன் நகரத் துறைமுகத்தில் எஸ்.எஸ். ஆன் கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிற்கும். "அந்த லாரிய நவுத்தினா அடியில மியூ இருக்காம்டா" என்று அண்ணன் சொன்னான். ஆட்டத்தில் எங்கும் கண்ணில் படாத போக்கிமான் மியூ. அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. அதே பேச்சு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஓடியது என்று பின்னால்தான் படித்தேன். லாரிக்கு அடியில் எதுவும் கிடையாது. 2004-ல் அந்த விளையாட்டைப் புதுப்பித்து 'ஃபயர்ரெட்', 'லீஃப்கிரீன்' என்று வெளியிட்டபோது, தயாரித்தவர்களே லாரிக்குப் பக்கத்தில் லாவா குக்கி ஒன்றை வைத்தார்கள். இத்தனை வருடம் தேடிய பிள்ளைகளை அவர்கள் மறக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

இன்னொரு பேச்சு மட்டும் உண்மையாக இருந்தது. விரிடியன் நகரத்தில் ஒரு கிழவர் போக்கிமான் பிடிப்பது எப்படி என்று காட்டுவார். அதைப் பார்த்த கையோடு சின்னபார் தீவுக்குப் பறந்துபோய், கிழக்குக் கரையை ஒட்டி மேலும் கீழுமாக நீந்த வேண்டும். அப்போது எதிரே ஒன்று வரும். உடம்பு கிடையாது, முகம் கிடையாது. கறுப்பும் வெளுப்புமாகச் சிதறிய கட்டங்கள் அடுக்கிய ஒரு தூண், அவ்வளவுதான். பெயர் மிஸ்ஸிங்நோ. அது வந்துபோனால் பையில் ஆறாவதாக இருக்கும் பொருளின் எண்ணிக்கையில் 128 கூடிவிடும். எங்களுக்கு அது பேய். ஆறாவது இடத்தில், போக்கிமானின் நிலையை உயர்த்தும் ரேர் கேண்டியை வைத்துவிட்டு அந்தப் பேயைக் கும்பிட்டுக் கூப்பிட்டோம்.

அதே கரையில் எனக்கு அலகசாம் என்ற போக்கிமான் வந்தது, அதுவும் 128-ஆம் நிலையில். நூறுக்கு மேல் நிலையே இல்லாத ஆட்டத்தில் 128! அண்ணனுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அவனுக்கு அந்தக் கட்டத்தூண்தான் திரும்பத் திரும்ப வந்தது. "ஒனக்கு மட்டும் எப்டிடா வருது?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். என்னிடம் பதில் இல்லை.

இன்று பதில் இருக்கிறது. கிழவர் ஆடிக்காட்டும் நேரத்தில் திரையில் ஆடுபவரின் பெயருக்குப் பதிலாக அவர் பெயர் வர வேண்டும். அதற்காக நம் பெயரை எடுத்துத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் வைக்கிறது நிரல். அது எந்த இடம்? புல்வெளியில் எந்தெந்தப் போக்கிமான் எந்த நிலையில் வரும் என்ற பட்டியல் இருக்கும் இடம். வேறு பகுதிக்குப் போனால் அந்தப் பகுதியின் பட்டியல் வந்து பெயரை அழித்துவிடும். சின்னபாருக்குப் புல்வெளிப் பட்டியல் இல்லை, அதனால் பெயர் அழியாமல் கிடக்கிறது. கரையோரத் தண்ணீரோ தவறுதலாகப் புல்வெளிப் பட்டியலைப் படிக்கிறது. பெயரின் இரண்டாவது எழுத்து நிலையாகிறது, மூன்றாவது எழுத்து போக்கிமான் ஆகிறது. ஆங்கிலத்தில் ரவி என்று எழுதும்போது மூன்றாவது எழுத்து 'வி'. அந்த எழுத்துக்கு உள்ளே கொடுத்த எண் 149, அலகசாமின் எண்ணும் 149. இரண்டாவது எழுத்து 'ஏ', அதன் எண் 128. ராஜாவில் மூன்றாவது எழுத்து 'ஜே', எண் 137. அந்த 137-ல் யாரும் இல்லை.

யாரும் இல்லாத அந்த இடங்களைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தது. ஆட்டத்தில் நாம் பார்க்கும் போக்கிமான்கள் 151. கார்ட்ரிட்ஜின் உள்ளே இருக்கும் பட்டியலில் இடங்கள் 190. மிச்சம் 39. அந்த 39-க்கும் சேர்த்து வைத்த ஒரே பெயர்தான் மிஸ்ஸிங்நோ. 1996 பிப்ரவரி 27-ல் ஜப்பானில் 'ரெட்', 'கிரீன்' வெளிவருவதற்கு முன்னால் கேம் ஃப்ரீக் நிறுவனம் அதை ஆறு வருடங்கள் இழுத்துப் பிடித்துச் செய்தது. அந்த வருடங்களில் சேர்த்து, பிறகு வேண்டாமென்று எடுத்துவிட்ட பிராணிகளின் இருக்கைகள் அவை.

பட்டியலைத் திறந்து படிப்பது இப்போது யாராலும் முடியும். ஆர்வலர்கள் நிரல் முழுவதையும் வரிவரியாகப் பிரித்து, புரியும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் எண்ணில் நிற்பது பிக்காச்சு அல்ல, ரைடான். முதலில் உருவான போக்கிமான் அதுதான் என்று கேம் ஃப்ரீக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆட்டத்தின் அட்டவணையில் வரும் ஒழுங்கு இங்கே இல்லை. பிளாஸ்டாய்ஸ் 28-ல் இருக்கிறது. அதற்கு முந்தைய பருவமான வார்டார்டில் 179-ல். பெரியதை முதலில் வரைந்து, அதன் சிறுவயதைப் பிறகு யோசித்திருக்கிறார்கள் என்று அதைப் படிக்கும்போது தோன்றுகிறது. 79, 80, 81 மூன்றும் காலி. பிக்காச்சு 84, ரைச்சு 85, அடுத்த இரண்டு காலி.

காலி என்றேன். முழுக்கக் காலி இல்லை. படம் போய்விட்டது, உடல்திறன் எண்கள் போய்விட்டன. ஆனால் ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரு கூவல் உண்டு. 38 அடிப்படை ஒலிகளை எடுத்து, சுருதியைக் கூட்டிக் குறைத்து, நீளத்தை மாற்றி எல்லாவற்றுக்கும் குரல் செய்திருக்கிறார்கள். அந்தக் குரல் பட்டியலைத் துடைக்காமலே விட்டுவிட்டார்கள். எடுத்துவிட்ட பிராணிகளில் சிலவற்றின் கூவல் அப்படியே இருக்கிறது. நான் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். ஒரு விநாடிகூட நீளாத கரகரப்பு. இது பறவையா, மீனா, நாலு கால் மிருகமா? யாரோ ஒருவர் ஒரு படத்தைப் பார்த்து இதற்கு இந்தச் சுருதி என்று தீர்மானித்திருக்கிறார். அந்தப் படம் இல்லை. தீர்மானம் மட்டும் லட்சக்கணக்கான கார்ட்ரிட்ஜ்களில் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. எங்கள் பிளாப்பியிலும் அது இருந்திருக்கிறது.

மியூவின் கதை இதற்கு நேர் எதிர். பிழைகளைச் சோதிக்க வைத்திருந்த பகுதிகளைக் கடைசியில் நீக்கியபோது ஏறக்குறைய 300 பைட் இடம் மிஞ்சியது. அதில் நிரலாளர் ஷிகெகி மோரிமோட்டோ மியூவைச் சேர்த்தார். எல்லாம் முடிந்த பிறகு சேர்த்ததற்குச் சாட்சி கோப்பிலேயே இருக்கிறது. மற்ற 150-ன் உடல்திறன் எண்களும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வருகின்றன. மியூவின் எண்கள் மட்டும் அந்த வரிசையில் இல்லாமல், நினைவகத்தின் வேறொரு பகுதியில் தனியாக இருக்கின்றன. ஆட்டத்துக்குள் அதைப் பிடிக்க வழி வைக்கவில்லை. 'கொரோகொரோ காமிக்' இதழ் 1996-ல் 20 பேருக்கு மியூ கொடுப்பதாக அறிவித்தபோது 78,000 பேர் எழுதிப் போட்டார்கள்.

ஆனால் எல்லோரிடமும் வழி இருந்தது. நகெட் பாலத்துக்கு அருகே ஒரு பயிற்சியாளன் நம்மைப் பார்க்கும் அந்தக் கணத்தில் ஆப்ரா என்ற போக்கிமானை வைத்து மறைந்துவிட வேண்டும். பிறகு பக்கத்துப் பாதையில் ஸ்லோபோக் வைத்திருக்கும் சிறுவனோடு மோதி, திரும்பி வர வேண்டும். மியூ 7-ஆம் நிலையில் எதிரே நிற்கும். அந்த ஸ்லோபோக்கின் சிறப்புத்திறன் எண் 21. உள்பட்டியலில் மியூவின் எண்ணும் 21. கடைசியாக மோதிய பிராணியின் சிறப்புத்திறன் எண்ணை அடுத்த எதிரியின் பட்டியல் எண்ணாக ஆட்டம் எடுத்துக்கொள்ளும் பிழை அது. லாரியைத் தள்ள நாங்கள் போவதற்கு முன்பே கடந்துவந்த பாலம் அது. செய்தவர்களே வைக்காத வழியை, பல ஆயிரம் பிள்ளைகள் விடாமல் ஆடி ஆடிக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

அடுத்த விளையாட்டில் மறைந்தவற்றுக்கு முகமும் கிடைத்திருக்கிறது. 'கோல்ட்', 'சில்வர்' விளையாட்டுகளின் மாதிரியை 1997 நவம்பரில் ஜப்பானின் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் ஸ்பேஸ்வேர்ல்ட் கண்காட்சியில் ஆடக் கொடுத்தார்கள். முழு விளையாட்டு வந்தது 1999 நவம்பர் 21-ல். அந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்பது, மாதிரியின் கோப்பு 2018 மே மாதம் வெளியே வந்தபோது தெரிந்தது. தொடக்கத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் மூன்றில் நெருப்புக்கு ஒரு கரடி, தண்ணீருக்கு ஒரு கடல்நாய். இரண்டையும் நீக்கிவிட்டார்கள். கோட்டோரா என்ற மின்சாரப் புலிக்குட்டி, ஆணி அடித்த வைக்கோல் பொம்மையாக நோரோவாரா, இவையும் போயின. ஜிராஃபாரிக்குக்கு இரண்டு பக்கமும் ஒரே தலை. ஈவீக்கு இலை வகையில் ஒரு மாற்றம் இருந்தது. அது அப்போது கைவிடப்பட்டாலும், 2006-ல் 'டைமண்ட்', 'பேர்ல்' வந்தபோது லீஃபியானாக வேறு உருவத்தில் திரும்பியது.

பிக்காச்சுவை வரைந்த அட்சுகோ நிஷிடா 2018-ல் யோமியுரி நாளிதழுக்கு அளித்த பேட்டியில், ரைச்சுவுக்கும் அடுத்து கொரோச்சு என்று ஒன்று இருந்ததாகச் சொன்னார். கோரைப்பல், இரண்டு கொம்பு. ஆட்டத்தின் சமநிலைக்காக எடுத்துவிட்டார்களாம். இருபது வருடத்துக்கும் மேலாக யாருக்கும் தெரியாத செய்தி, வரைந்தவர் வாய் திறந்து சொன்னதால் நமக்குக் கிடைத்தது.

கடைக்காரரிடம் வாங்கிய கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பதைத் தோண்டிப் பார்ப்பது படிப்பு. அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எடுப்பது திருட்டு. 2024-ல் கேம் ஃப்ரீக்கின் சர்வருக்குள் யாரோ புகுந்தார்கள். ஊழியர்கள் உள்ளிட்டோரின் பெயர், மின்னஞ்சல் என 2,606 தனிநபர் விவரங்கள் கசிந்ததாக நிறுவனமே அறிவித்தது. பழைய வரைபடங்களும் வெளியே வந்தன. அவற்றைப் பார்த்துக் குதித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோப்புறையில் ஒரு வரைகலைஞரின் வீட்டு விவரமும் இருந்திருக்கலாம் என்றால், அந்தப் பிராணி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஆனால் திருட வேண்டிய நிலை ஏன் வர வேண்டும்? 2024 அக்டோபரில் கியோட்டோ பக்கத்து ஊஜியில் நிண்டெண்டோ தன் அருங்காட்சியகத்தைத் திறந்தது. போக்கிமானில் எடுத்துவிட்ட பிராணிகளுக்கும் அப்படி ஒரு சுவர் வேண்டும். பக்கத்தில் வரைந்தவர் பெயர், எடுத்த காரணம் ஒரு வரி. சதோரு இவாட்டா 'கோல்ட்', 'சில்வர்' படங்களைச் சுருக்கும் நிரலை எழுதித் தந்து கார்ட்ரிட்ஜில் இடம் உண்டாக்கியவர். அவர் 2015 ஜூலையில் இறந்துவிட்டார். அவரிடம் கேட்டிருக்க வேண்டியவை அவரோடு போய்விட்டன. போக்கிமான்களை வரைந்த கென் சுகிமோரி இருக்கிறார், நிஷிடா இருக்கிறார், மோரிமோட்டோ இருக்கிறார். அந்த 39 இடங்களில் யார் யார் இருந்தார்கள் என்பதை இவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.