வானம் வெளுக்குது மாமா!

கே: தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தால் வானம் வெள்ளையாகிவிடுகிறது. ஏன் மாமா?
– வாசகர், கரந்தை

ப: கேமராவுக்குக் கோயிலும் தெரியாது, வானமும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். நிழல் விழுந்த விமானம் ஃபிரேமை அடைத்தால் ‘இருட்டு’ என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். நீங்கள் ஒரு ஸ்டாப் குறையுங்கள். ராஜராஜன் 1010-இல் முடித்த வேலையைக் கெடுக்க அதற்கு உரிமை இல்லை.

கே: ஸ்டாப் என்றால் என்ன?
– வாசகி, பாபநாசம்

ப: ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. மூன்று கூட்டினால் எட்டு. நான்கு கூட்டினால் பதினாறு. கந்துவட்டியே தோற்கும்!

கே: பெரிய கோயிலுக்கு எந்த நேரம் போகலாம்?
– வாசகர், திருச்சி

ப: கிழக்குப் பார்த்த கோயில். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். விமானம் பொன், வானம் நீலம். மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால். வானத்துக்கு அளவெடுத்து, விமானத்தைக் கருநிழல் வடிவமாக எடுங்கள். மதியம்? சாப்பிடுங்கள்.

கே: விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே?
– வாசகர், கும்பகோணம்

ப: நன்றாக விழும். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. மாலையில் அந்த நிழலுக்குள் நின்று எடுங்கள், சூரியன் லென்ஸுக்குள் நேராகப் பாயாது. ராஜராஜனின் பெருமைக்கு உண்மையே போதும். படக்காரருக்கு அந்த நிழல் உபரி லாபம்.

கே: வயல் படத்தில் வெளுத்த வானத்தைக் கம்ப்யூட்டரில் மீட்க முடியாதா?
– வாசகர், மன்னார்குடி

ப: இருட்டில் கிடப்பதைத் தூக்கலாம். வெளுத்த இடத்தில் தூக்க ஒன்றுமே இருக்காது. சென்சார் நிரம்பிவிட்டால் அதற்குமேல் வரும் வெளிச்சம் பதிவாவதில்லை. ரா ஃபைல் கொஞ்சம் கைகொடுக்கும், ஜேபெக் கைவிரிக்கும். ஆகவே, வானத்துக்கு அளவு, வயலுக்கு வைத்தியம்.

கே: அந்தக் காலத்துப் படங்களில் மேகமே இல்லையே? அப்போது மழை பெய்யவில்லையா?
– வாசகி, மயிலாடுதுறை

ப: பெய்தது; நெகட்டிவில்தான் பதியவில்லை. அன்றைய ரசாயனத்துக்கு நீலம் என்றால் பேராசை, சிவப்பு என்றால் குருடு. கோயில் கல் பதிவதற்குள் நீல வானம் நிரம்பி வழிந்துவிடும். 1858-இல் தஞ்சாவூரைப் படமெடுத்த ராணுவ அதிகாரி லின்னேயஸ் ட்ரைப்புக்கும் இதே பாடுதான். 1855-இல் பர்மாவில் எடுத்த நெகட்டிவ்களில் அவரே மேகம் தீட்டிச் சேர்த்திருக்கிறார். ஃபோட்டோஷாப்புக்கு வயது அப்போதே தொடங்கிவிட்டது.

கே: தஞ்சாவூரில் ட்ரைப் செய்த பெரிய வேலை எது?
– வாசகர், வல்லம்

ப: குனிந்து பார்த்தது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். வானம் ஒத்துழைக்காத நாளில் நீங்களும் கீழே பாருங்கள். கல்லில் எழுதியது வெளுக்காது.

கே: வானத்துக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பது மோசடி இல்லையா?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: 1850-களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். நம் கண்ணும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை பார்த்துத்தான் காட்சியைச் சேர்க்கிறது. அதே இடத்து வானம் என்றால் கலை. ஒரத்தநாட்டு வயலுக்கு மேல் சுவிட்சர்லாந்து மேகம் என்றால், நீங்கள் சொன்ன சொல்தான்.

கே: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.
– கல்லூரி மாணவி, திருவையாறு

ப: திரையில் வானத்தைத் தொடுங்கள். சூரியக் குறி வந்தால் கீழே இழுங்கள். மேகத்தின் விளிம்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒரு விரல் வேலைக்குப் புதுப் போனும் இ.எம்.ஐ.யும் எதற்கு?

கே: வெளிச்சம் அளக்கச் சாம்பல் அட்டை வாங்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

ப: விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பும் அட்டை அது. வெயிலில் நிற்கும் பசும்பயிரும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் நிற்கிறது. குறுவையோ சம்பாவோ தாளடியோ, பயிரில் அளவெடுங்கள். வைக்கோலில் எடுக்காதீர்கள், அது பளிச்சென்று இருப்பதால் படம் இருண்டுவிடும். அட்டையை ஏக்கர் கணக்கில் விளைவிக்கிற ஊரில் கடையில் போய்க் கேட்கிறீர்களே!

கே: போலரைசர் ஃபில்டர் போட்டும் வானம் கருக்கவில்லை.
– வாசகர், திருவாரூர்

ப: சூரியனைப் பார்த்துப் போட்டிருப்பீர்கள். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்கோணமாக விரித்து, மணிக்கட்டைத் திருப்புங்கள். கட்டைவிரல் காட்டும் பக்கமெல்லாம் நீலம் அடர்த்தியாகும். நெல் இலையின் பளபளப்பும் அடங்கிப் பச்சை தெரியும். எச்சரிக்கை: வயல்நீரில் தெரியும் மேகத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

கே: சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டிவிடலாமா?
– வாசகி, பூதலூர்

ப: கூடாது. அப்போதுதான் வானமும் நிலமும் சமாதானத்துக்கு வருகின்றன. ஆனால் நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். சூரியன் செங்குத்தாக இறங்கும். நல்ல அந்தி சுமார் 20 நிமிடம்தான். லண்டன் கோடையில் அதைப்போல் இரண்டு மடங்கு கிடைக்கும். அவர்கள் டீ குடித்துவிட்டு எடுக்கலாம். நீங்கள் எடுத்துவிட்டுக் குடியுங்கள்.

கே: டெல்டாவில் படமெடுக்க நல்ல பருவம் எது?
– வாசகர், சென்னை

ப: நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்கள். மேலே இருக்கிற வானம் கீழேயும் விழுவதால் இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைகிறது. ஐப்பசியில் பருவமழை மேகமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று உழவர் மட்டும் கவலைப்படவில்லை. உங்கள் எக்ஸ்போஷரும் அங்கிருந்துதான் வருகிறது.

கே: இவ்வளவு தலைவலி எதற்கு? எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டால் என்ன?
– வாசகர், திருக்காட்டுப்பள்ளி

ப: ஆட்டோ சராசரி போடும். வரப்பில் நிற்பவரின் முகம் முக்கியமா, அவர் அண்ணாந்து பார்க்கும் மேகம் முக்கியமா என்று அதற்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள். அதைச் சொல்லத்தான் கேமராவில் பிளஸ், மைனஸ் வைத்திருக்கிறார்கள். அமுக்குங்கள்.