நெளிசல்காரர்

சென்னைவாசிகளை வகைபிரிக்க முற்படுவோர் வருவாய், தொழில், வசிப்பிடம் ஆகியவற்றையே அளவுகோலாகக் கொள்வதால், இம்மூன்றிலும் பரவிக் கிடக்கும் ஒரு வகையினர் அவர்கள் பார்வைக்குத் தப்பிவிடுகின்றனர். பிறர் வண்டி இடித்ததால் தமது காரில் சிறு சேதம் கண்டு, அதற்கு என்ன செய்வது என்பதை இன்னும் முடிவு செய்யாதவர் என்று இவ்வகையினரை வரையறுக்கலாம். தெருவில் 'டொக்கு' என்றும் பாத்திரக்கடையில் 'நெளிசல்' என்றும் வழங்கும் அந்தப் பள்ளத்தின் பெயராலேயே இவரை நெளிசல்காரர் என்று குறிப்பது பொருந்தும். இவ்வகையில் பெண்பாலரும் உண்டு என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் அந்த வாரத்திலேயே வண்டியைப் பழுதுபார்த்துவிடுவதால் ஆய்வுக்குப் போதிய அவகாசம் தருவதில்லை.

சேதம் பெரிதாக இருந்தால் ஒருவர் நெளிசல்காரர் ஆக முடியாது. அப்போது இழுவை வண்டியும் காப்பீட்டு நிறுவனமும் அவருக்காக முடிவெடுத்துவிடும். பின்பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளமும் அதன் ஓரத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கீறலும் இருப்பதே உரிய அளவு. சிக்னலில் பின்னால் வந்த பைக் மோதியவுடன் இவர் இறங்கிச் சென்று, தர்ப்பூசணி வாங்குபவர் போல விரல் முட்டியால் பம்பரை இருமுறை தட்டுகிறார். தட்டுவதால் எதுவும் தெரியப்போவதில்லை என்றாலும், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் தட்டாமல் நிற்பது முறையாகாது. இடித்த இளைஞன் "லைட்டாத்தான் சார் பட்டுச்சு" என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுக்க, இவர் "பணம் முக்கியமில்ல தம்பி, பார்த்து ஓட்டணும்" என்று மறுத்து, அவனது வண்டி எண்ணை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார். பின்னர் வரும் துன்பங்கள் அனைத்துக்கும் இந்த ஒற்றை வாக்கியமே மூலகாரணம். அண்ணா வளைவைக் கடப்பதற்குள்ளாகவே அந்த ஐந்நூறைப் பற்றி அவர் நினைக்கத் தொடங்கிவிடுகிறார்.

அன்றிரவே அவர் சட்டம் படிக்கிறார். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆவது பிரிவு ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. காப்பீட்டு ஒப்பந்தத்தில் வண்டியின் உடைமையாளர் ஒரு தரப்பு, நிறுவனம் மற்றொரு தரப்பு என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் இடி மட்டும் வாங்கியவர் மூன்றாம் தரப்பாகிறார். இந்தத் தகுதி நெளிசல்காரருக்கு மிகுந்த பெருமிதம் தருகிறது. ஆனால், இடித்தவனின் நிறுவனத்திடமிருந்து அவ்வழியில் இழப்பீடு பெறுவதற்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பதும், சென்னையில் அப்பணியைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் செய்துவருகிறது என்பதும் அடுத்துத் தெரியவருகின்றன. 'சிறு' என்ற சொல்லில் நம்பிக்கை வைத்துத் தமக்குத் தெரிந்த வழக்கறிஞரை அழைக்கும் இவரிடம், அவர் பள்ளத்தின் ஆழத்தைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்து, பிறகு குழந்தைகளின் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார். பொருட்சேதம் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தையும் நாடலாம் என்று சட்டம் அளிக்கும் மாற்றுவழி, இவருக்கு ஒரு கவலையைக் கூட்டுவதோடு சரி.

அடுத்துத் தமது சொந்தக் காப்பீட்டின்மீது கவனம் திரும்புகிறது. இவ்வகையினரின் அறிவு முழுமையும் ஒளிர்வது இங்கேதான். ஆண்டு முழுவதும் இழப்பீடு கோராதவருக்கு, புதுப்பிக்கும்போது சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி 'நோ க்ளெய்ம் போனஸ்' எனப்படும். அது முதலாண்டு 20 விழுக்காட்டில் தொடங்கி 25, 35, 45 என ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காட்டில் நிற்கும். ஒருமுறை கோரிவிட்டால் பரமபத ஆட்டத்தில் பாம்பின் வாயில் விழுந்தவர் போல மீண்டும் சுழியத்திலிருந்து ஏற வேண்டும். நெளிசல்காரரின் பிரீமியம் 8,000 ரூபாய் என்றும், அவர் 50 விழுக்காட்டுப் படியில் நிற்கிறார் என்றும் கொண்டால், இறங்கி மீண்டும் ஏறும் ஐந்தாண்டுகளில் அவர் இழக்கும் தள்ளுபடி மொத்தம் 10,000 ரூபாய். பெயிண்ட் வேலைக்கு 6,000 ரூபாய் பில் வந்தால், சிறிய கார் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும், பெயிண்டின் தேய்மானமாக ஏறத்தாழ 750 ரூபாயும் போக, கைக்கு வருவது 4,250. இக்கணக்கை மளிகைப் பட்டியலின் பின்புறத்தில் மூன்று முறை போட்டு மூன்று முறையும் ஒரே விடை கண்டபின், அவர் மனைவியை அழைத்து நான்காம் முறை போட்டுக் காட்டுகிறார். "அப்ப நம்மளே சரி பண்ணிடலாமே" என்று மனைவி சொல்லும்போது, கணக்கின் நுட்பத்தை உணராதவரிடம் பேசிப் பயனில்லை என்ற முகபாவம் இவரிடம் தோன்றுகிறது.

தாளைக் கிழித்துப் போடுவதற்குள் ஒரு பெருந்திட்டம் உதிக்கிறது. எப்படியும் இன்னொருவர் வந்து இடிக்கத்தான் போகிறார். அதுவரை பொறுத்திருந்து, இரண்டு சேதங்களையும் சேர்த்து ஒரே கோரிக்கையாக வைத்தால் போனஸை இழப்பதிலும் ஒரு பொருள் இருக்கும். ஒவ்வொரு மோதலும் தனித்தனிக் கோரிக்கையாகவே கொள்ளப்படும் என்பதையும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எனப்படுபவர் கீறலில் படிந்த அழுக்கைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவார் என்பதையும் அறிந்தபின் இத்திட்டம் கைவிடப்படுகிறது. இருந்தும் சில வாரங்களுக்கு, பின்னால் லாரி நெருங்கி வரும்போதெல்லாம் கண்ணாடியில் அதை அவர் பார்க்கும் பார்வையில் முழுமையான அச்சம் இருப்பதில்லை.

இதற்கிடையில் நெளிசல் ஊரறிந்ததாகிவிடுகிறது. குடியிருப்பின் காவலாளி "திருஷ்டி கழிஞ்சுது சார்" என்கிறார். மூன்றாம் மாடிக்காரர் புதுப்பேட்டையில் பழைய பம்பர் மலிவாகக் கிடைக்கும் என்கிறார். மைத்துனர், அந்த ஐந்நூறை அப்போதே வாங்கியிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு விசேஷத்திலும் நினைவூட்டுகிறார். வாகன நிறுத்தத்துக்கு யார் வந்தாலும் அவரைக் காரின் பின்புறம் அழைத்துச்சென்று, சிக்னலின் நிறத்திலிருந்து தொடங்கி, போனஸ் கணக்கு வழியாக நீதிமன்றம் வரை விவரிப்பது நெளிசல்காரரின் மாலை வழக்கமாகிறது. அவ்வளவு காலம் அந்த வளாகத்தில் குடியிருந்தும், வணக்கத்துக்கு மேல் அவர் யாரிடமும் பேசியதில்லை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

வேறு ஏதோ வேலைக்காக மெக்கானிக்கிடம் வண்டி சென்ற ஒருநாள் இக்காலகட்டம் முடிவுக்கு வருகிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதைக் கண்ட அவர், யாரையும் கேட்காமல் பக்கத்து டீக்கடையிலிருந்து கொதிநீர் வாங்கிவந்து பள்ளத்தின்மீது ஊற்றி, உட்புறமாகக் கையை விட்டு ஒரு தள்ளுத் தள்ள, அது 'டப்' என்ற ஒலியுடன் வெளியே வந்துவிடுகிறது. கீறலுக்கு ரப்பிங் பாலிஷ் போட்டுத் துடைத்துவிட்டு, "குடுக்கறத குடுங்க சார்" என்கிறார். நெளிசல்காரர் இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டி வருகிறார். அன்று மாலை, புதிதாகக் குடிவந்த ஒருவரை வழக்கம்போலக் காரின் பின்புறம் அழைத்துச்சென்று, இடிபட்ட இடத்தை விரலால் சுட்டிக் காட்டுகிறார். வந்தவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்துவிட்டு, "எங்க சார்? ஒண்ணுமே தெரியலையே" என்கிறார்.