உதட்டோரம் ஒரு கொப்புளம்

கே: காய்ச்சல் விட்ட மறுநாள் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம். "ராத்திரி பல்லி நக்கியிருக்கும்" என்கிறார் மாமியார். அப்படியா?
– வாசகி, திண்டுக்கல்

ப: பல்லி பாவம், அது கொசு பிடிக்கப் போயிருக்கும். கொப்புளம் வெளியிலிருந்து வரவில்லை, உங்களுக்குள்ளேயே இருந்தது. ஹெர்ப்பஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ், பெரும்பாலும் சின்ன வயதில், யாரோ ஆசையாகக் கொடுத்த முத்தத்தோடு உடம்பில் நுழைந்துவிடும். பிறகு முகத்துக்கு வரும் நரம்பின் வேர்ப்பகுதியில் படுத்துக்கொள்ளும். காய்ச்சலோ, கடும் வெயிலோ, மனக்கவலையோ தட்டி எழுப்பினால் அதே நரம்பு வழியே உதட்டுக்கு இறங்கி வரும். வாடகை தராத குடித்தனக்காரர். காலி செய்யவைக்கும் மருந்து இன்னும் வரவில்லை. உலகில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மாமியாரிடமும் இருக்கலாம்.

கே: உதட்டில் வரும் இந்தக் கொப்புளம்தான் அக்கியா? காவி எழுதினால் போகுமா?
– வாசகர், மணப்பாறை

ப: இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு ஆள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சலோடு வரும் அக்கி, சின்னம்மை வைரஸின் வேலை. காவி எழுதி நாளைக் கடத்தாதீர்கள். மாத்திரை நன்றாகக் கேட்பது முதல் 3 நாளில்தான்.

கே: கல்யாணமாகி 9 வருடம். மனைவிக்குப் பிறப்புறுப்பில் ஹெர்ப்பஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. தூக்கமே போய்விட்டது.
– பெயர் வேண்டாம்

ப: உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது வைரஸ் இல்லை, சந்தேகம். அதற்கு இந்த நோய் சாட்சி சொல்லாது. வைரஸ் உடம்பில் புகுந்து பல வருடம் கழித்தும் முதல் கொப்புளம் வரலாம். பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகை வைரஸ் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. புண் இல்லாத நாளிலும் தோலிலிருந்து வைரஸ் கசியும், அடுத்தவருக்குத் தொற்றும். அப்படியானால், கொப்புளமே வராத நீங்கள்தான் கொடுத்தவராக இருக்கலாம், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. உதட்டில் இருக்கும் முதல் வகைகூட வாய்வழி உறவில் அங்கே போகும். கழிப்பறை இருக்கையைக் குற்றம் சொல்லவும் வழியில்லை, வெளியில் அது சீக்கிரம் செத்துவிடும்.

இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பாருங்கள். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் கொப்புளத்தைச் சீக்கிரம் ஆற்றும்; தினமும் சாப்பிட்டால் அடிக்கடி வருவதும் குறையும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. கொப்புளம் இருக்கும் நாட்களில் உறவு வேண்டாம். மனைவி கர்ப்பமானால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்றிரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கே: பேரன் பிறந்து 10 நாள். எனக்கு உதட்டில் கொப்புளம். கன்னத்தில் மட்டும் ஒரு முத்தம்?
– பாட்டி, தஞ்சாவூர்

ப: கூடாது பாட்டி. கன்னத்திலும் கூடாது, உள்ளங்காலிலும் கூடாது. உங்களுக்கு ஒரு வாரத் தொல்லையாக இருப்பது, பச்சைக் குழந்தைக்கு மூளைவரை போய் உயிரையே எடுக்கலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் குழந்தை டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், பால் குடிக்காமை, சோர்வு, வலிப்பு, தோலில் கொப்புளம், இதில் எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். உதட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பொருக்கு உதிர்ந்து தோல் நன்றாக ஆறும்வரை தாலாட்டுப் பாடுங்கள். பாட்டு வழியே இது தொற்றாது.