கார் போகும் வழி

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் எங்கள் கொல்லயில். இந்தப் பக்கத்தில் யார் எதை வாங்கி வந்தாலும், "களியக்காவிளையில கேட்டுப் பாத்தியளா?" என்று கேட்க ஒருவர் இருப்பார். மீனோ, மரச்சீனியோ, ஸ்கூட்டருக்குப் பெட்ரோலோ, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போனால் நாலு காசு மிச்சம் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்கும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அந்தப் பக்கத்து விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர, எங்கள் பக்கத்து நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அதில் யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி என்று பெரியவர்கள் இன்றும் சாயாக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேரம் பேசுகிறவர்களுக்கு அன்று இரண்டு மாநிலம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆகவே வீடு வாங்குவது என்று முடிவானதும் மனைவி சொன்னாள்: "அந்தப் பக்கமும் பாத்துட்டு வாங்குவோம்." கத்தரிக்காய்க்கு வைத்த அதே நிபந்தனை.

இந்தப் பக்கத்துத் தரகர் எந்த வீட்டைப் பற்றியும் முதலில் சொல்வது அறைக் கணக்கை அல்ல. "கார் போகும் சாரே." இங்கே சொத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. நடைவழி என்றால் ஒரு விலை, ஆட்டோ போனால் ஒரு விலை, டிப்பர் போனால் பேச்சே வேறு. தனுவச்சபுரம் அருகே அவர் காட்டிய வீட்டுக்குக் கார் போனது உண்மைதான். இரண்டு பக்கமும் வெட்டுக்கல் மதில். கண்ணாடியை மடக்கி, மூச்சை அடக்கிப் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறக்க இடமில்லை, திருப்பவும் இடமில்லை. "போகும்னுதானே சொன்னேன்? திரும்பும்னு சொன்னேனா?" என்றார். பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தோம்.

அடுத்தது வாழைத்தோட்டத்தின் நடுவே, காற்றாடும் வீடு. சென்ட் விலையைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு மலிவு. மனைவி மட்டும் கரம் கட்டிய ரசீதைக் கேட்டாள். அதில் 'புரையிடம்', அதாவது வீட்டு மனை, என்று இல்லை, 'நிலம்' என்று இருந்தது. கேரளத்தில் வருவாய்த்துறைக்கு நிலம் என்றால் வயல். 2008-இல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதில் ஒரு கழிப்பறை கட்டவும் அனுமதிக்கு நடக்க வேண்டும். "வீடுதான் நிக்குதே சாரே, இனி எதுக்கு அனுமதி?" என்றார் தரகர். வீடு எப்படி நின்றது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

செங்கல் என்ற ஊரில் ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து மகேஸ்வரம் கோயிலின் 111 அடி சிவலிங்கக் கட்டடம் தெரியும் என்று விலையை ஏற்றிச் சொன்னார்கள். நடுவில் ஒரு தென்னை மறைத்தது. தென்னையும் சொத்தில் சேர்த்திதான் என்றார்கள்.

பிறகு அந்தப் பக்கம். பதிவுச் செலவிலேயே வித்தியாசம்: இங்கே முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, அங்கே 7-ம் 2-ம். ஒரு சதவீதம் மிச்சம் என்ற தெம்பில் மார்த்தாண்டம் தாண்டிப் போனோம். வீட்டுக்காரர் மரப்பெட்டியிலிருந்து மூல ஆதாரத்தை எடுத்தார். திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம், முழுக்க மலையாளம். அவர் வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. மலையாளத்தில் படித்தவளாயிற்றே, மனைவி விரல் வைத்து வரிவரியாக வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்று, "அண்ணே, இதுல ஒங்க அத்தைக்கும் ஒரு பங்கு உண்டு கேட்டியளா" என்றாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. எங்களுக்குச் சாயா வரவில்லை. அத்தையின் பிள்ளைகளுக்குச் செய்தி போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கடைசியில் கொல்லயிலிலேயே ஒரு வீடு. இதற்கு மாமியாரை அழைத்துப் போனோம். தரகர் மாடுலர் கிச்சனைக் காட்டிக்கொண்டிருக்க, அவர் நேரே கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கிக் கயிற்றைக் கையால் அளந்தார். பங்குனிக் கடைசி, தண்ணீர் இருந்தது. நிலைப்படியைத் தட்டி, "அயினி மரந்தான்" என்றார். ஹாலில் சுவருக்கு இடுப்பளவு டைல்ஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "இது அழகுக்கு இல்ல மக்களே, ஈரத்துக்கு" என்றார். அந்த ஈரத்தைச் சொல்லியே ஒன்றரை லட்சம் குறைத்தோம். வீடு பார்க்கப் போகிறவர்கள் இன்ஜினியரை அழைக்கலாம், தப்பில்லை. சித்திரைக்கு முன் ஒரு மாமியாரையும் அழைத்துப் போங்கள்.

இப்போது அதே தரகர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் பக்கத்து மனையைக் காட்டப் போகிறார். போகிற போக்கில் நின்று, "சாரே, நீங்க சென்டுக்கு எவ்வளவு குடுத்திய? இவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க" என்கிறார். நானும் சொல்கிறேன். கொடுத்ததைவிட இருபதாயிரம் கூட்டித்தான் சொல்கிறேன். மனைவி உள்ளேயிருந்து முப்பது என்கிறாள்.