தூறலுக்கு அஞ்சும் கேமராக்காரர்

மதுரையில் கேமரா வைத்திருப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கீழக்குயில்குடித் தாமரைக் குளத்தங்கரையிலோ சாமநத்தம் கண்மாய்க் கரையிலோ இவரைப் பார்க்கலாம். தலைக்குக் குடை இருக்காது, கேமராவுக்கு இருக்கும். பைக்கு மேலே ரெயின் கவர், உள்ளே பாலித்தீன் உறை, அதற்கும் உள்ளே ஏதோ ஓட்டல் அறையிலிருந்து வந்த ஷவர் கேப், கடைசியாகக் கேமரா. நாகமலைக்கு மேலே லேசாகக் கறுத்தால் போதும், "தம்பி, தூத்தல் விழுகுது, பைய மூடு!" என்று குரல் வந்துவிடும். மீன்கொத்தி மீனோடு மேலெழும் அதே நொடியில் இவர் ஜிப்பை இழுத்துக்கொண்டிருப்பார்.

தண்ணீருக்குப் பயப்படுவது சரிதான். ஆனால் இவர் எந்தத் தண்ணீருக்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிடுகிறார். மதுரைக்கு ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். அந்த மழையும் சொல்லிக்கொண்டு வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, உடனே துண்டால் ஒற்றினால் போய்விடுகிறது. கேமராவைக் கெடுப்பது இப்படி முகம் காட்டாத ஈரம். ஏசி மண்டபத்தில் ஜில்லென்று ஆன லென்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓடுகிறாரே, அந்தப் புழுக்கக் காற்றிலுள்ள ஈரம் கண்ணாடியில் படிந்து படமெல்லாம் பனிமூட்டம். ஜிப் போட்ட பைக்குள்ளேயே வெளியே எடுத்து வந்து, கொஞ்ச நேரம் விட்டு, சூடு சமமானதும் திறந்திருந்தால் போதும். ஆனால் ஜிப்பை மேகத்துக்கு மட்டும்தான் இழுப்பது என்று இவர் வைத்திருக்கிறார்.

பீரோ கதை இதைவிட மோசம். ஐப்பசி முழுக்க நனையாமல் காப்பாற்றிய லென்ஸைத் தோல் உறையில் போட்டு, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டுவார். காற்றோட்டமில்லை, வெளிச்சமில்லை, ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் ஃபங்கஸுக்கு அதுவே தாய்வீடு. தை மாதம் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல இழையோடியிருக்கும். "சிலிகா ஜெல் போட்டிருந்தேனே" என்பார். போட்டிருந்தார்தான், புதுச் செருப்புப் பெட்டியில் கிடைத்த பொட்டலத்தை. அது குடிக்க வேண்டிய ஈரத்தை எப்போதோ குடித்து நிறைந்துவிட்டது. நீல மணி இளஞ்சிவப்பானால் சூடுகாட்டி உலர்த்த வேண்டும் என்பதைக் கேட்டால், பலகாரமா அது என்று சிரிப்பார்.

லட்ச ரூபாய் லென்ஸ், இன்னும் தவணை முடியவில்லை, தூறலில் நீட்டச் சொல்கிறீர்களா என்று இவர் தரப்பில் கேட்கலாம். நியாயமான கேள்வி. சர்க்யூட்டில் தண்ணீர் இறங்கினால் பழுதுச் செலவைவிடப் புதிது வாங்குவதே லாபமாகிவிடும் சமயமும் உண்டு. ஆனால் அதற்கு இருபது ரூபாய்ப் பாலித்தீனில் லென்ஸ் முனைக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினால் தூறலில் படமெடுக்கலாம். பயந்து பையை மூடத் தேவையில்லை. "என்னுது வெதர் சீல்டு, கவரே வேணாம்ணே" என்று எதிர்க்கோடியில் நிற்பவருக்கும் ஒரு வார்த்தை. அந்த ரப்பர் வளையங்கள் பெரும்பாலும் சிதறும் துளிகளுக்கானவை. பாடியும் லென்ஸும் இரண்டுமே சீல் செய்யப்பட்டிருந்தால்தான் அதுவும். தண்ணீர் புகுந்து பழுதானால் வாரண்டி பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

இத்தனை எச்சரிக்கையும் சித்திரைப் பௌர்ணமியன்று எங்கே போகிறது என்பதுதான் வேடிக்கை. கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது, கருப்பசாமி வேடமிட்ட பக்தர்கள் தோல்பையிலிருந்து நாலாபக்கமும் தண்ணீர் பீய்ச்சுவார்கள். உயர் அழுத்தப் பம்பு கூடாது என்று கட்டுப்பாடு போடும் அளவுக்கு அது பீய்ச்சல். எந்த ஐப்பசித் தூறலும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நம்மவர் முதல் வரிசையில் நிற்பார். ரெயின் கவர்? கோடை வெயிலில் அது எதற்கு என்று வீட்டிலேயே விட்டு வந்திருப்பார். மறுநாள் சர்வீஸ் சென்டரில், "மழையில நனைச்சீங்களாண்ணே?" என்று கேட்டால் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்: "மழையில நான் வெளியவே எடுக்க மாட்டேன் தம்பி, இது அழகர் தண்ணி!"