போகாத ஊருக்கு முன்பணம்

பெறுநர்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது டெல்லி
அனுப்புநர்: நுகர்வோர் ஒருவர், கருணாபுரம், கள்ளக்குறிச்சி
பொருள்: டைம்ஷேர் வாரங்களை வாடகைக்கு விடும்போது வாங்கும் முன்பணமும் ரத்துக் கட்டணமும் – இன்றுள்ள அருமையான ஏற்பாட்டைப் பாராட்டுதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

மனு என்றாலே எதையாவது கேட்டுத்தான் வரும் என்பது தங்கள் அனுபவமாக இருக்கும். இது பாராட்டு மனு. எங்கள் பகுதியின் பெயரைத் தாங்கள் 2024 ஜூனில் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த நாட்களைப் பற்றிப் பகடி பேச இங்கே இடமில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், ஊருக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மலை பிற்பாடு தேவைப்படும். இப்போதைக்குப் பேச்சு, விடுமுறைக்குப் போகிறவர்களைப் பற்றியும், போக முடியாமல் போனவர்களின் பணத்தைப் பற்றியும்.

டைம்ஷேர் என்னும் இந்த வியாபாரத்துக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய உறவு உண்டு. 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் கொடைக்கானலையும் ஊட்டியையும் வார வாரமாக விற்றது. பத்தாண்டு கழித்து மகிந்திரா வந்தது. ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை. பெரும்பாலும் 25 ஆண்டுக்கு. சேரும்போது சில லட்சம், அதன்பின் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். பிள்ளைக்குத் தேர்வு, வீட்டில் கல்யாணம், முழங்கால் வலி என்று ஒரு வாரம் வீணாகப் போகும்போது, கட்டிய பராமரிப்புப் பணமாவது தேறட்டுமே என்று உறுப்பினர் அதை வேறொருவருக்கு வாடகைக்கு விடுகிறார். அந்தக் கணமே அவர் நாட்டிலேயே விநோதமான வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். சாவி அவரிடம் இல்லை. அறை எண் அவருக்குத் தெரியாது. அறை கிடைக்கும் என்ற உறுதியும் ‘விதிகளுக்கு உட்பட்டது’. முன்பணம் மட்டும் அவர் கணக்கில் இருக்கிறது. தகராறு வந்தால், வாடகைக்கு வந்தவரிடம் நிறுவனம், உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லையே என்று சொல்லலாம். உறுப்பினரே முறையிட்டால், வாடகைக்கு விட்டதால் வணிக நோக்கம் வந்துவிட்டது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவை நீட்டலாம். ஒரே மனிதரை ஒரே வாரத்தில் வாங்குபவராகவும் விற்பவராகவும் ஆக்கி, இரண்டு பக்கமும் கதவைச் சாத்தும் இந்தக் கட்டட வேலைக்கு முதல் பாராட்டு.

இரண்டாவது பாராட்டு, ரத்து விதியின் சமச்சீருக்கு. வாடகைக்கு வருபவர் ரத்து செய்தால் முன்பணம் போய்விடும். கடைசி நேரத்தில் செய்தால் முழு வாடகையும் போய்விடும். அறையைத் தருகிறவர் ரத்து செய்தால்? வாங்கிய பணம் திரும்ப வரும், கூடவே ஒரு வருத்தச் செய்தி வரும். அவ்வளவுதான். குடும்பத்தோடு எடுத்த ரயில் டிக்கெட், பிடித்த வண்டி, போட்ட விடுப்பு எதற்கும் கணக்கில்லை. இருவரும் செய்வது ஒரே காரியம்; ஒருவருக்கு அது ஒப்பந்த மீறல், மற்றவருக்கு அது நிர்வாகக் காரணம். இருவருமே ரத்து செய்யாதபோது என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் எடுத்துக்காட்டு இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தார்கள். மலைக்கு அது நல்லது. ஆனால் அறை இருந்து, பணம் கட்டியும் இருந்து, பாஸ் கிடைக்காதவரின் முன்பணம் யாருடையது? அவர் வரவில்லை என்பதால் அவருடையதல்ல என்று பதில் சொல்வதற்கு விடுதி விதிகளில் இடம் தாராளமாக இருக்கிறது.

விடுதிக்காரர் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அதைக் கேலி செய்வது நேர்மையாகாது. அறையின் இரவு என்பது அழுகும் சரக்கு. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு இரண்டு முறை விற்க முடியாது. டைம்ஷேர் உறுப்பினருக்கு இது இன்னும் கடுமை: ஆண்டில் இருப்பது ஒரே வாரம், அது தவறினால் பராமரிப்புக் கட்டணம் முழுக்கக் கைநஷ்டம். சரி. அப்படியானால் முன்பணத்தின் வேலை நஷ்டத்தை ஈடு செய்வது. நஷ்டம் இல்லையென்றால் அதற்கு வேலையும் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும். உச்ச நீதிமன்றம் இதற்கு உயிர் கொடுத்த வழக்கு ஒன்று உண்டு. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் ஒரு மனையை 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டு, 78 லட்சம் முன்பணம் வாங்கியது. மீதியைக் கட்டவில்லை என்று அந்த 78 லட்சத்தைப் பறிமுதல் செய்து, அதே மனையை 1994இல் 11.78 கோடிக்கு விற்றது. எட்டரைக் கோடிக்கு மேல் கூடுதலாகப் பெற்றவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டு, 2015 ஜனவரியில் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில், முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். டைம்ஷேருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மே மாதக் கொடைக்கானல் வாரத்தை ஒருவர் இருபது நாள் முன்னால் ரத்து செய்கிறார். அன்றைக்கே இன்னொருவர், ஒருவேளை கூடுதல் வாடகைக்கே, எடுத்துக்கொள்கிறார். முதலாமவரின் முன்பணம் அப்போதும் திரும்புவதில்லை. ஒரு கட்டிலுக்கு இரண்டு வாடகை. அழுகும் சரக்கு என்று சொன்னவர் அதை இரண்டு முறை விற்றுவிட்டார்.

நஷ்டமே இல்லாத இந்தப் பணத்தில் அரசுக்கும் பங்குண்டு என்பதால், தங்கள் மௌனத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மறைமுக வரி வாரியத்தின் சுற்றறிக்கை 178, தங்காத விடுதி அறைக்காகப் பிடித்துக்கொண்ட முன்பணத்துக்கும் தங்கிய அறைக்கு உரிய அதே விகிதத்தில் ஜிஎஸ்டி உண்டு என்கிறது. மனை விற்பனையில் பறிபோகும் முன்பணத்துக்கு வரி இல்லை என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. போகாத ஊருக்கு வழி சொல்வதைப் பெரியவர்கள் வீண்வேலை என்றார்கள். வரி போடுவதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை.

இனி உண்மையான பாராட்டுக்கு வருகிறேன். சட்டம் இல்லை என்று யாரும் தங்களைக் குறை சொல்ல முடியாது. 2019 சட்டத்தின் 2(46) பிரிவு ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ எது என்று வரிசையாகச் சொல்கிறது: மிதமிஞ்சிய வைப்புத்தொகை கேட்பது, ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பது, தக்க காரணமின்றி ஒருதலையாக முறித்துக்கொள்ளும் உரிமையை ஒரு தரப்புக்கு மட்டும் தருவது. டைம்ஷேர் வாடகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதியதுபோல் இருக்கிறது. அதிசயம் இதற்கு மேல்தான். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் விசாரிக்க முடியாது. 47ஆம் பிரிவின்படி அது மாநில ஆணையத்தின் வேலை. ஐயாயிரம் ரூபாய் முன்பணமானாலும் மாநிலம்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போட்டுப் பணத்தை வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், வாங்கியவர்களும் உண்டு. ஆனால் அந்த விதி செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் 49(2) பிரிவின்படி மாநில ஆணையத்துக்குத்தான். ஆக, மாவட்டத்தில் வென்றவர் தன் ஐயாயிரத்தோடு வீட்டுக்குப் போவார். அவரைப் பிடித்த விதி அப்படியே அடுத்தவருக்காகக் காத்திருக்கும். இணையத்தில் புகாரைப் பதியலாம், காணொளியில் ஆஜராகலாம் என்ற வசதிகள் வந்திருப்பதும் உண்மை. ஐயாயிரத்துக்காக மாநில அளவில் வழக்கறிஞர் வைத்து வாதாட எத்தனை பேர் துணிவார்கள் என்பதை விதி எழுதியவர்கள் கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

கையெழுத்துப் போட்டார்களே, படித்துப் பார்த்திருக்க வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. படிக்க நேரம் கொடுத்தால் கேட்கலாம். பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியராக வாருங்கள் என்று அழைத்து, குளிர்பானம் கொடுத்து, இன்று மட்டும் இந்த விலை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் இடத்தில் யார் படிப்பார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டின் உத்தரவில், டைம்ஷேர் வாங்கியவர் காரணம் சொல்லாமல் விலக 14 நாள் கொடுத்து, அந்த நாட்களில் ஒரு காசும் முன்பணம் வாங்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. ஃபுளோரிடாவில் 10 நாள். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச்சட்டம் இல்லை. விலகும் அவகாசம் நிறுவனம் மனமுவந்து கொடுத்தால் உண்டு. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஒரு வார வாசத்துக்கு அப்படியொரு வரம்பு தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பணத்தை நடுவர் ஒருவரிடம் வைக்காமல் விற்றவரிடமே விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு பான்கார்டு கிளப்ஸ் கதை இருக்கிறது. விடுதி அறையின் இரவுகளை விற்ற அந்த நிறுவனம், தங்காவிட்டால் சில ஆண்டு கழித்துப் பெருகிய தொகை தருவதாகச் சொன்னது. தங்காமல் இருப்பதே அங்கே சரக்கு. 51 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 7,000 கோடிக்கு மேல் சேர்ந்த பிறகு, 2014இல் செபி தலையிட்டு, இது விடுமுறை அல்ல, கூட்டு முதலீட்டுத் திட்டம் என்றது. பணம் கட்டியவர்களின் காத்திருப்பு இன்னொரு பத்தாண்டுக்கு நீண்டது.

வசதியுள்ளவர்களின் விடுமுறைச் சண்டையில் கருணாபுரத்துக்கு என்ன வேலை என்று தாங்கள் கேட்கக்கூடும். இங்கேதான் மலை தேவைப்படுகிறது. கல்வராயன் மலையை மூன்று ஜாகிர்தார்கள் பங்கு வைத்து ஆண்டார்கள். குடிகள் வரியும் கொடுத்து, கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். 1976இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்த ஏற்பாட்டை முறித்துக்கொள்ளும் வழி குடிகளுக்கு இல்லை. அதே 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முன்பணத்தைத்தான் முதலில் வரையறுக்கிறது. முன்பணத்தின் பேரில் ஆளைக் கட்டிவைத்தால் அந்தக் கடனே செல்லாது என்கிறது. இன்றும் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கும் குடும்பங்கள் உண்டு. வாங்கியவர் நடுவில் விலக முடியாது. வேலை கொடுப்பவர் நினைத்தால் அனுப்பிவிடலாம். டைம்ஷேரில் முன்பணம் கொடுத்தவர் கட்டுப்படுகிறார், சூளையில் வாங்கியவர் கட்டுப்படுகிறார். இரண்டின் கொடுமையும் ஒரே எடை அல்ல; ஒன்றில் போவது விடுமுறை, மற்றதில் போவது வாழ்க்கை. ஆனால் பணம் எந்தத் திசையில் போனாலும், தாளை எழுதியவர் மட்டும் எதற்கும் கட்டுப்படுவதில்லை என்பது இரண்டிலும் ஒன்று. கல்யாண மண்டப முன்பணத்துக்காக 2020 ஊரடங்கில் அலைந்த குடும்பங்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். விடுமுறைக்காரருக்கே கிடைக்காத நியாயம் சூளைக்காரருக்கு எங்கிருந்து கிடைக்கும்?

தங்களால் முடியாது என்றும் சொல்வதற்கில்லை. ஊரடங்கில் ரத்தான பயணங்களின் பணத்தை ஓர் இணையப் பயண நிறுவனத்திடமிருந்து 2024இலும் வாங்கிக் கொடுக்க உத்தரவிட்டீர்கள். உணவகங்களின் சேவைக் கட்டணத்துக்கு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டீர்கள். முன்பணத்துக்கும் ஒன்று எழுதுங்கள்: ரத்தான அறை மறுபடி வாடகைக்குப் போனால், உண்மைச் செலவு போக மீதி திரும்ப வேண்டும், விருந்தினருக்கு எந்த அபராதமோ, அறை தருபவர் ரத்து செய்தால் அவருக்கும் அதுவே, அரசு உத்தரவால் போக முடியாமல் போனால் முழுப்பணம், தங்கும் நாள் வரை முன்பணம் விற்றவர் கையில் இல்லாமல் வங்கியில் தனியாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்கும் உறுப்பினர் வணிகர் அல்லர் என்றும் ஒரு வரி சேருங்கள். பிறகு, நியாயமற்ற ஒப்பந்தப் புகார்களை மாவட்ட ஆணையமே விசாரிக்கும்படி 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவைத் திருத்த அரசுக்குப் பரிந்துரையுங்கள்.

இப்படிக்கு,
நுகர்வோர் ஒருவர்,
கருணாபுரம், கள்ளக்குறிச்சி.