வயசுக்கு வந்தால் போதுமா?

கேள்வி: பாரதி செய்யாத பால்ய விவாகமா? (வாசகர், எட்டயபுரம்)

பதில்: செய்யவில்லை, செய்துவைத்தார்கள். 1897இல் மாப்பிள்ளைக்கு 14, செல்லம்மாளுக்கு 7. பின்னாளில் அதே பாரதி, ருதுவாகும் முன் பெண்ணைக் கட்டிக்கொடுக்காதீர்கள் என்று எழுதினார். அன்றைக்கு அது புரட்சி. ‘ருதுவாகிவிட்டாள், அது போதும்’ என்று இன்றைக்கு ஒரு தகப்பன் சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போட வேண்டியதுதான்.

கேள்வி: சம்மத வயது 18 என்று எந்தக் கணக்கில் வைத்தார்கள்? (கல்லூரி மாணவி, கோவில்பட்டி)

பதில்: 1860இன் தண்டனைச் சட்டத்தில் அது வெறும் 10. கல்கத்தாவில் புல்மோனி என்ற சிறுமி கணவனாலேயே செத்துப்போன பிறகு, 1891இல் 12 ஆனது. அதற்கே ‘மதத்தில் கைவைக்கிறான் வெள்ளைக்காரன்’ என்று திலகர் கொதித்தார். அப்புறம் 14, 16. 2012இல் போக்சோ சட்டம் வந்து 18. வயசுக்கு வருகிற வயசு இறங்கிக்கொண்டிருக்க, சட்டத்தின் வயசு மட்டும் ஏறியிருக்கிறது. ஆக, கணக்கு உடம்பை வைத்து அல்ல. பிள்ளையை எத்தனை வயசுவரை பிள்ளையாக வைத்துக்கொள்கிறோம் என்பதை வைத்து.

கேள்வி: எங்கள் பாட்டிக்கு 13இல் கல்யாணம். நன்றாகத்தானே வாழ்ந்தாள்? (கழுகுமலை)

பதில்: இதைச் சொன்னது பாட்டியா, தாத்தாவா? சாரதா சட்டம் 1930 ஏப்ரலிலேயே பெண்ணுக்கு 14 என்றது. கரிசல்காட்டுக்கு அது மழை மாதிரி. பேப்பரில் வந்தது, ஊருக்கு வரவில்லை.

கேள்வி: பிறகு எதுதான் ஊரை மாற்றியது? (ஆசிரியை, விளாத்திகுளம்)

பதில்: உங்கள் வருகைப் பதிவேடுதான் டீச்சர். 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் எட்டாவது படித்திருந்தால்தான் பணம் என்றது. பின்னர் பத்தாவது ஆனது. தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்ப நினைத்தவர்கள்கூட மார்க் ஷீட்டைச் சீர்வரிசையில் சேர்த்தார்கள். இப்போது அது புதுமைப் பெண்: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய்.

கேள்வி: 17 வயசுப் பிள்ளை காதலித்து ஓடினால் பையனுக்கு ஜெயிலா அண்ணாச்சி? (கயத்தாறு)

பதில்: 2019இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பார்த்திபன், போக்சோவின் 18ஐ 16 ஆக்கலாமே என்றார். 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படியொரு ஆட்டோ ஓட்டுநர் மீதான வழக்கையே ரத்து செய்தார். 2023இல் சட்ட ஆணையமோ, 18ஐக் குறைக்காதே, 16க்கு மேல் என்றால் தண்டனையை நீதிபதி யோசித்துக் கொடுக்கட்டும் என்றது. என் ஓட்டும் அதற்கே. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஓடிப்போன பையன் வேற்றுச் சாதி என்றால் பெண்ணின் பிறப்புச் சான்றிதழ் உடனே கிடைக்கிறது. முறைமாமனுக்குப் பேசும்போது அது பீரோவில் எங்கேயோ தொலைந்துபோகிறது.

கேள்வி: மகளுக்குப் பேசி முடித்துவிட்டோம். எட்டு மாதம்தானே குறைகிறது? (கடம்பூர்)

பதில்: எட்டு மாதம்தானே, பொறுங்கள். மண்டபத் தேதியை மாற்றிக்கொள்ளலாம். 2006ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 தாண்டிய மாப்பிள்ளைக்கும், நடத்திவைத்த ஐயருக்கும், தகப்பனார் உங்களுக்கும் இரண்டு வருடம் வரை கடுங்காவல். பந்திக்கு வந்தவரையும் அந்தச் சட்டம் சும்மா விடவில்லை.